பள்ளிக் கணினி ஆய்வகத்தில் திறமூல மென்பொருள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திறமூல மென்பொருளில், அதாவது நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் மென்பொருளில், குறை இருக்கும். காசு கொடுத்து வாங்கியதிலும்தான் இருக்கிறது. அந்தக் குறை எங்கே என்று பிள்ளைகள் வந்து உட்காரும்வரை யாரும் பார்க்காமல் விடுவதுதான் வகுப்பைக் கெடுக்கிறது.

அடிக்கடி நடப்பது, ஆசிரியர் தன் கணக்கில் ஓட்டிப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று கிளம்பிவிடுவது. மாணவர் கணக்கில் நுழைந்து, பாடத்தை முதலிலிருந்து கடைசிவரை செய்து பாருங்கள். பிள்ளைகள் படம் வரையும் டக்ஸ் பெயிண்ட் மென்பொருளையே எடுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் இயங்குதளத்தில் அது படங்களை வழக்கமாக, புள்ளியில் தொடங்கும் பெயருள்ள ஒரு ஃபோல்டரில் சேமிக்கும். அப்படிப்பட்ட ஃபோல்டர் சாதாரணமாகக் கண்ணில் படாது. பிள்ளை சேவ் செய்துவிட்டுத் தேடினால் படம் கிடைக்காது. மென்பொருள் மோசம் என்று பழி விழும். பல ஃபைல் மேனேஜர்களில் கண்ட்ரோலும் எச்சும் சேர்த்து அழுத்தினால் ஃபோல்டர் தெரியும். சேமிக்கும் இடத்தை அமைப்புகளில் முன்கூட்டியே மாற்றியும் வைக்கலாம். ஆனால் வெளியேறியதும் எல்லாவற்றையும் அழித்துவிடும் விருந்தினர் கணக்கு என்றால் படம் போனது போனதுதான். எல்லோருக்கும் ஒரே கணக்கு கொடுத்தால் வேறு தொல்லை: டக்ஸ் பெயிண்ட் திறந்ததும் கடைசியாக வரைந்த படத்தைத்தான் கொண்டுவரும், முந்தைய வகுப்புப் பிள்ளை வரைந்த வீட்டுக்கு அடுத்த வகுப்பு மீசை வரையும்.

அடுத்தது வேர்டு கோப்புகள். வீட்டில் தயாரித்த இரண்டு பக்க வினாத்தாள் லிப்ரே ஆபிஸ் என்னும் திறமூல அலுவலக மென்பொருளில் மூன்று பக்கமாக நீள்கிறதா? பல நேரம் எழுத்துருதான் காரணம். வினாத்தாளில் பயன்படுத்திய கலிப்ரி எழுத்துரு இல்லாத கணினியில் வேறொன்று அந்த இடத்தில் உட்கார்ந்து வரிகளைத் தள்ளிவிடும். கலிப்ரியின் அதே அகல அளவுகளுடன் வந்த கார்லிட்டோ எழுத்துருவை நிறுவினால் பாதித் தலைவலி தீரும். படிக்க மட்டும் கொடுப்பதை பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள்.

புதிதாக வந்த பதிப்பை உடனே எல்லாக் கணினியிலும் ஏற்றும் ஆசையும் வேண்டாம். உபுண்டு என்ற லினக்ஸ் வகையில் இடைக்காலப் பதிப்புக்கு ஆதரவு, அதாவது புதுப்பிப்புகள், 9 மாதம்தான். கல்வியாண்டு முடியும் முன்பே காலாவதியாகிவிடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு 5 ஆண்டு. பள்ளிக்கு அதுதான் சரி. அதையும் ஒரே ஒரு கணினியில் சில வாரம் ஓட்டிப் பார்த்த பிறகு மற்றவற்றில் போடலாம். பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், வகுப்பு இல்லாத நேரத்தில் முடித்துவிடுங்கள்.

அப்புறம், 'இலவசம்தானே, இப்படித்தான் இருக்கும்' என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு நகர்வது. எனக்கு இதுதான் எரிச்சல். தெரிந்த வழுவையும் (மென்பொருள் பிழையையும்) அதற்கான மாற்றுவழியையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினால் ஒரே கேள்வி நாற்பது முறை வராது. வழுவை உருவாக்குநர்களுக்கும் தெரியப்படுத்தலாம். பெரிய பிள்ளைகளே எழுதட்டும். 'வேலை செய்யவில்லை' என்று ஒரு வரி எழுதினால் யாருக்கும் பயனில்லை. எந்தப் பதிப்பு, எதை எந்த வரிசையில் அழுத்தினோம், என்ன வரும் என்று நினைத்தோம், என்ன வந்தது, இவ்வளவும் வேண்டும். அதே வழுவை முன்பே யாராவது பதிந்திருந்தால் புதிதாக ஒன்று திறக்காமல் அதிலேயே உங்கள் விவரத்தைச் சேருங்கள்.