ஐரோப்பாவில் ரூம் போடுமுன் குன்னூர் மேட்டை நினைத்துக்கொள்ளுங்கள்

குன்னூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து மேட்டிலிருக்கிற பெட்ஃபோர்டுக்கு எவ்வளவு தூரம் என்று மேப்பைப் பார்த்தால், இதோ பக்கத்தில்தான் என்று காட்டும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினவருக்குத்தான் தெரியும் அந்தப் பக்கம் எவ்வளவு பக்கம் என்று. குடும்பத்தோடு ஐரோப்பா போகிறவர்கள் ரூம் தேடும்போதும் மீட்டரை விடுங்கள், படியை எண்ணுங்கள்.

அம்மா, இரண்டு பிள்ளைகளோடு பாரிஸ் போனபோது மோன்மார்த்ர் மேட்டில் மலிவாக ஒரு வீடு பிடித்தோம். போட்டோவில் ஜன்னலும் பூந்தொட்டியும் அவ்வளவு அழகு. போய் இறங்கினால் நான்காவது மாடி, லிஃப்ட் கிடையாது, சுழல் படிக்கட்டு. அம்மா மாடிக்கு மாடி நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "எஸ்டேட்ல கூட நான் இவ்வளவு ஏறலடா" என்றார். விளம்பரத்தின் அடியில் போட்டுத்தான் இருந்தது, நாங்கள்தான் படிக்கவில்லை.

அதனால் லிஃப்ட் உண்டா என்று எழுதிக் கேளுங்கள், உண்டு என்றால் தரைத்தளத்திலிருந்தே உண்டா என்றும் கேளுங்கள், ஏனென்றால் பழைய கட்டடங்களில் அரை மாடி ஏறிய பிறகுதான் லிஃப்டே வரும், அதிலும் இரண்டு பேர் நின்றால் பெட்டிக்கு இடமிருக்காது. பாரிஸ் மெட்ரோவிலும் பெரும்பாலான நிலையங்களில் படிதான். 14ஆம் லைன் முழுக்க லிஃப்ட் உண்டு. வெனிஸில் 400க்கு மேல் பாலங்கள், பெரும்பாலானவை படி வைத்தவை, ஆகவே படகுத்துறைக்கும் ரூமுக்கும் நடுவில் பாலம் இல்லாத இடமாகப் பாருங்கள். வெனிஸுக்கு எதிரே நிலப்பகுதியில் இருக்கிற மெஸ்த்ரேயில் தங்கினால் செலவு குறையும், ரயிலில் பத்து நிமிடம்தான். ஆனால் பகல் கூட்டம் கிளம்பின பிறகு வருகிற வெனிஸ் சாயங்காலத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வராது.

ஃபேனே இல்லாத வீட்டில் வளர்ந்த நமக்கு ஏசி தேவையா என்று தோன்றும். 2019 ஜூலை 25 அன்று பாரிஸில் 42.6 டிகிரி! கோடை விடுமுறையில் போனால் ஏசி இருக்கிற இடமாகவே போடுங்கள்.

அப்புறம், நம்ம ஊர் சீசன் மாதிரி "ஒரு எக்ஸ்ட்ரா பெட் போட்டுக்கலாம் சார்" என்பதெல்லாம் அங்கே பல இடங்களில் நடக்காது. பிள்ளைகளின் வயதைச் சரியாகக் கொடுத்தே புக் பண்ணுங்கள். பல ஊர்களில் தலைக்கு, இரவுக்கு இவ்வளவு என்று நகர வரி தனியாக வரும். ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் சேர்த்துத் தருகிற ஷெங்கன் விசாவுக்குத் தங்குமிட புக்கிங்கைக் காட்ட வேண்டும், அதனால் விசா கையில் வரும்வரை ரத்து செய்தால் பணம் திரும்புகிற புக்கிங்காகவே வைத்திருங்கள்.

நாலு நாளுக்கு மேல் தங்கினால் என் ஓட்டு அடுப்பும் வாஷிங் மெஷினும் இருக்கிற வீட்டுக்குத்தான். ஒன்று மட்டும், ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஞாயிற்றுக்கிழமை சூப்பர் மார்க்கெட் மூடியிருக்கும். வியன்னாவில் வர்க்கி பாக்கெட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு அம்மா டீக்குக் காத்திருக்க, ஒரு பாக்கெட் பாலுக்காக நான் டிராம் ஏறி பெரிய ரயில் நிலையத்துக்குப் போய் வந்தேன். சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள்.