பழைய புத்தகக் கடையில் எதைத் தேடுவது, எப்படித் தேடுவது

அப்பா ராயப்பேட்டையில் ஓர் அச்சகத்தில் ஈய எழுத்துகளைக் கோக்கும் கம்பாசிட்டராக இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை மூர் மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போவார். ஒரு பழைய புத்தகத்தைக் கையில் எடுத்தால் அவர் முதலில் தலைப்பைப் படிக்க மாட்டார். நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து, தாளின் பின்புறம் விரலை ஓட்டுவார். "நீயும் தடவிப் பாரும்மா" என்பார். ஈய எழுத்து அழுந்திய தடம் மறுபக்கத்தில் சின்னச் சின்ன மேடாகத் தட்டுப்படும். கையால் கோத்து அச்சடித்த புத்தகம் என்பதற்கு அதுதான் அடையாளம். ஆஃப்செட்டில் அடித்தது வழவழவென்று இருக்கும்.

1985 மே மாதம் மூர் மார்க்கெட் எரிந்தபோது எனக்கு 13 வயது. அதன் பிறகு அந்தக் கடைகள் பக்கத்திலேயே அல்லிக்குளம் வளாகத்துக்குப் போய்விட்டன. நான் கல்யாணமாகித் திருவல்லிக்கேணிக்கு வந்தேன். வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் பாரதி சாலை. பழைய ஆட்கள் இன்னமும் பைகிராப்ட்ஸ் ரோடு என்றுதான் சொல்கிறார்கள். அங்கே ஞாயிற்றுக்கிழமை நடைபாதையில் புத்தகம் பரப்புவார்கள். இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகப் போய்க்கொண்டிருக்கிறேன். அப்பாவிடம் கற்றதையும் அங்கே தரையில் உட்கார்ந்து கற்றதையும் எழுதுகிறேன்.

முதலில் எது புதையல் என்று தெரிந்துகொள்ள வேண்டும். கடையில் 300 ரூபாய்க்கு விற்கிற நாவல் நடைபாதையில் 120-க்குக் கிடைத்தால் 180 ரூபாய் மிச்சம். மாதச் சம்பளக்காரிக்கு அது பெரிய உபகாரம்தான். ஆனால் அந்த நாவல் அடுத்த வாரமும் கிடைக்கும், அடுத்த வருஷமும் கிடைக்கும். நான் காலையில் காபி குடித்த கையோடு ஓடுவது, இனி யாரும் அச்சிடப்போவதில்லை என்று தோன்றுகிற புத்தகத்துக்காக.

அப்படிப்பட்டவை எவை என்றால், முதலில் மாஸ்கோவிலிருந்து வந்த தமிழ்ப் புத்தகங்கள். முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா, மீர் என்று அட்டையில் இருக்கும். சோவியத் யூனியன் 1991-இல் போனதோடு அந்த வரத்தும் நின்றது. ருஷ்ய நாவல்கள் சிலவற்றை இங்கே மறுபடி போட்டிருக்கிறார்கள். சிறுவர்களுக்கான கணக்கு, இயற்பியல், வானியல் புத்தகங்களையும் வண்ணப்படக் கதைகளையும் அதே தாளில் அதே படத்தோடு பார்ப்பது அரிது. அடுத்து நேஷனல் புக் டிரஸ்டும் சாகித்திய அகாதெமியும் பிற இந்திய மொழிகளிலிருந்து மொழிபெயர்த்துப் போட்ட நாவல்கள். அட்டை சாதுவாக இருக்கும், கடைக்காரர் பெரும்பாலும் அதை மதிப்பதில்லை. வங்காளமும் கன்னடமும் எனக்கு அந்த அட்டைகள் வழியாகத்தான் வீட்டுக்குள் வந்தன.

கல்லூரிப் பாடத்தைத் தமிழில் நடத்த வேண்டும் என்று தமிழ் வெளியீட்டுக் கழகமும், பிறகு தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனமும் 1960, 70-களில் நூற்றுக்கணக்கில் புத்தகம் கொண்டுவந்தன. நிலவியல், பூச்சியியல், பொருளாதார வரலாறு என்று எத்தனையோ. ஒரு துறைச் சொல்லுக்குத் தமிழில் என்ன என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் அவற்றில் ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் போதும், யாரோ 50 வருஷத்துக்கு முன்பே அந்த வேலையைச் செய்து வைத்திருப்பது தெரியும். இவற்றில் பல மாணவர் கையைவிட்டு நேராக எடைக்குத்தான் போயின.

தொகுதி தொகுதியாக வந்த பெரிய நூல்களை ஒற்றையாகப் பார்த்தாலும் விடாதீர்கள். பெரியசாமித் தூரன் பதிப்பித்த கலைக்களஞ்சியம் 1954-இலிருந்து 1968 வரை பத்துத் தொகுதியாக வந்தது. "செட்டா இல்லம்மா, ஒண்ணுதான் இருக்கு" என்று கடைக்காரரே குறைவான விலைக்குக் கொடுப்பார். ஒரு தொகுதியாக வாங்கி ஆரம்பித்தவள்தான் நானும். 11 வருஷத்தில் ஒன்பது சேர்ந்துவிட்டது. ஆறாம் தொகுதி மட்டும் இன்னும் வரவில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் அதைத் திரையில் படிக்கலாம். இருந்தாலும் அலமாரியில் ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவே இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்தவற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பைண்டு செய்த தொடர்கதைகள். அந்தக் காலத்தில் வாரப் பத்திரிகை வந்ததும் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழித்துச் சேர்த்து, கதை முடிந்ததும் பைண்டரிடம் கொடுத்துக் காலிகோ துணி ஒட்டிய அட்டை போட்டு வைப்பார்கள். இதை எந்தப் பதிப்பகமும் போடவில்லை, ஒரு வீடு போட்டது. கல்கி பத்திரிகையில் 1950-களின் தொடக்கத்தில் வந்த பொன்னியின் செல்வனை இன்று எத்தனையோ பதிப்பில் வாங்கலாம். ஆனால் வாராவாரம் மணியம் வரைந்த படத்தோடு, அந்தப் பக்க அமைப்பிலேயே பார்க்க வேண்டுமானால் இந்தப் பைண்டிங்தான் வழி. பின்பக்கத்தில் பாதி அறுபட்ட விளம்பரம் இருக்கும். ஏதோ ஒரு சோப்பு, ஒரு தலைவலி மருந்து, புதிதாக வெளியாகிற படம். நடுவே ஒரு வாரம் தவறிப்போயிருந்தால் அந்த அத்தியாயத்தை யாராவது கோடு போட்ட தாளில் கையால் எழுதி ஒட்டியிருப்பார்கள். அப்படி ஒன்று என்னிடம் இருக்கிறது. நீல மசி, சாய்ந்த எழுத்து, எட்டுப் பக்கம். யாரிடம் இரவல் வாங்கி உட்கார்ந்து எழுதினார்களோ.

இந்தப் பைண்டு புத்தகங்களுக்கு முதுகில் பெயர் இருக்காது, அல்லது வீட்டுக்காரர் பெயரின் முதலெழுத்து மட்டும் பொன்னிற மையில் இருக்கும். ஆகவே அடுக்கில் பெயர் படித்துக்கொண்டே போகிறவர் கண்ணில் அது படாது. பெயரில்லாத முதுகு தெரிந்தால் கட்டாயம் இழுத்துப் பாருங்கள். அதேபோல் மெலிந்த சங்கதிகள்: சினிமாப் பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், நாலணாவுக்கு விற்ற சிந்துப் பாட்டுப் புத்தகம், கோயில் கும்பாபிஷேக மலர். இவை பெரிய புத்தகங்களுக்கு நடுவே செருகிக் கிடக்கும். கோட்டையூர் ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த மனிதர், மற்றவர் குப்பை என்று தள்ளிய இவற்றையும் சேர்த்துவைத்தார். அவர் 1992-இல் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பை வைத்துத்தான் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது.

இனி வயதைக் கணிப்பது. பதிப்புப் பக்கம் கிழிந்து போயிருக்கும், அல்லது வருஷமே போட்டிருக்க மாட்டார்கள். விலையைப் பாருங்கள். 2-8-0 என்றிருந்தால் இரண்டு ரூபாய் எட்டு அணா. 1957 ஏப்ரலில் தசம நாணயம் வருவதற்கு முந்தையது என்று பொதுவாக வைத்துக்கொள்ளலாம். ந.பை. என்றிருந்தால் நயா பைசா, 1957-க்கும் 64-க்கும் நடுவே. முகவரியில் "சென்னை-5" என்று முடிந்தால் பழசு, "சென்னை-600 005" என்றிருந்தால் பின்கோடு வந்த 1972-க்குப் பிந்தையது. எழுத்தையும் பாருங்கள். லை, னை எழுத்துகளில் துதிக்கை போல வளைந்த கொம்பும், ணா, றா, னா எழுத்துகளில் சுழித்த காலும் இருந்தால், அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்ற 1978-க்கு முன்போ அதை ஒட்டியோ அச்சானது. பெரியாரின் குடியரசு, விடுதலை பத்திரிகைகள் சார்ந்த வெளியீடுகளில் இந்தக் கணக்கு செல்லாது. அவர் 1935-இலேயே புது எழுத்துக்கு மாறிவிட்டார். தமிழ் வருஷம் போட்டிருந்தால் 60 வருஷச் சுற்று என்பதால் குழப்பம் வரும். 'விஜய வருஷம்' என்றால் 1893-ஆகவும் இருக்கலாம், 1953-ஆகவும் இருக்கலாம். தாளையும் விலையையும் சேர்த்துப் பார்த்தால் எதுவென்று புரிந்துவிடும்.

முழுசாக இருக்கிறதா என்று பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள். நான் ஒருமுறை 150 ரூபாய் கொடுத்து ஒரு சித்த வைத்தியப் புத்தகம் வாங்கினேன். அட்டை அருமை, தையல் உறுதி. வீட்டுக்கு வந்து பார்த்தால் 192-ஆம் பக்கத்துக்கு அடுத்து 209. ஒரு ஃபாரமே இல்லை. மூலத்துக்கும் பவுத்திரத்துக்குமான மருந்தெல்லாம் அதற்குள் போய்விட்டது. அப்பா இருந்திருந்தால் கடையிலேயே கண்டுபிடித்திருப்பார். பழைய புத்தகங்கள் பெரும்பாலும் 16 பக்கம் ஒரு ஃபாரமாக அச்சாகும். ஒவ்வொரு ஃபாரத்தின் முதல் பக்க அடியிலும் ஓரமாக ஒரு சின்ன எண் இருக்கும், பைண்டருக்காகப் போட்டது. 1, 17, 33, 49 என்று அந்தப் பக்கங்களை மட்டும் திருப்பி, அடியிலுள்ள எண் வரிசையாக வருகிறதா என்று பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். கடைசி இரண்டு பக்கத்தையும், படம் ஒட்டிய பக்கங்களையும் தனியாகப் பாருங்கள். வரைபடத்தைக் கிழித்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு.

பிறகு ஒரு பக்கத்தின் மூலையை மெல்ல மடித்துப் பாருங்கள். அப்பளம் போல ஒடிந்தால், அந்தப் புத்தகத்தை ஒருமுறை படிப்பதற்குள் உதிர்ந்துவிடும். அரிய நூலாக இருந்தால் வாங்கி ஸ்கேன் செய்து வையுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். ராமபாணப் பூச்சி துளைத்த ஓட்டை பழையதானால் பயமில்லை. பக்கத்தைத் தட்டும்போது மாவு போலத் தூள் கொட்டினால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது. கரையான் மண் ஒட்டியிருந்தால் எவ்வளவு நல்ல புத்தகமானாலும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

இரண்டு வகைப் புத்தகத்தை நான் தொடுவதில்லை. நூலக முத்திரை இருந்து, கழித்துக்கட்டியதற்கான முத்திரை இல்லாதது. யாரோ திருப்பித் தராத புத்தகம் அது. இன்னொன்று, பளபளப்பு அட்டை போட்ட புத்தம் புதுத் திருட்டுப் பதிப்பு. பழைய புத்தகத்தோடு கலந்து பரப்பியிருப்பார்கள். எழுத்து மங்கலாக நகல் எடுத்தது போலிருக்கும், பிரித்தால் பசை விடும். எழுதியவருக்கு அதில் ஒரு பைசா போகாது.

எப்போது போவது? திருவல்லிக்கேணியில் மூட்டை பிரிக்கிற நேரத்தில் போனால் நல்லது. வாங்கி விற்கிறவர்களும் அப்போதுதான் வருவார்கள் என்பதால் விலை இறங்காது, ஆனால் சரக்கு கிடைக்கும். கட்டி எடுத்துவைக்கிற நேரத்தில் போனால் சரக்கு குறைவு, விலை இறங்கும். ஜூன் மாதம் எல்லாக் கடையிலும் பள்ளிப் பாடப் புத்தகமும் கைடும்தான் முன்னால் இருக்கும், இலக்கியம் பின்னால் போய்விடும். போகிக்கு முந்தைய வாரம் பழைய பேப்பர் கடைகளைச் சுற்றுங்கள். வீட்டைக் காலி செய்கிறவர்கள் தாத்தாவின் அலமாரியை எடைக்குப் போடுகிற காலம் அது. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி நடக்கும்போது வெளியே நடைபாதையிலும் பழைய புத்தகம் பரப்புவார்கள். உள்ளே போவதற்கு முன் அங்கே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

துணிப்பை, தண்ணீர், கை துடைக்க ஈரத்துணி, பத்தும் ஐம்பதுமாகச் சில்லறை, உங்களிடம் எந்தெந்தத் தொகுதி குறைகிறது என்ற சீட்டு. இவ்வளவு போதும். நின்றபடி குனிந்து பார்த்தால் பத்து நிமிஷத்தில் முதுகு வலிக்கும், மேலே இருப்பது மட்டும் கண்ணில் படும். ஒரு பேப்பரைப் போட்டு உட்கார்ந்துவிடுங்கள். அடியில் இருப்பதைப் பார்க்க அடுக்கைக் கலைத்தால், பார்த்தபின் அதே வரிசையில் திரும்ப அடுக்கிக் கொடுங்கள். மூன்று வாரம் அப்படிச் செய்தால் நான்காம் வாரம், "அக்கா, உள்ள ஒரு மூட்டை இன்னும் பிரிக்கல, பாக்குறீங்களா?" என்று அவரே கேட்பார். எனக்குக் கிடைத்த நல்ல புத்தகங்களில் பாதி அப்படி வந்தவைதான்.

பேரம் பேசலாம். ஆனால் அவர் மூட்டையைத் தலையில் சுமந்து, வெயிலில் உட்கார்ந்து, மழை வந்தால் பாலிதீனைப் போர்த்திக் காப்பாற்றி விற்கிறார். நான் ஐந்தாறு புத்தகம் சேர்த்து எடுத்து, "எல்லாத்துக்கும் சேத்து ஒரு விலை சொல்லுங்கண்ணே" என்று கேட்பேன். அவர் சொல்வதில் கொஞ்சம் குறைத்துக் கேட்பேன், அதோடு சரி. அவருக்குத் தெரியாத மதிப்புள்ள புத்தகம் கிடைத்து, அவர் 30 ரூபாய் கேட்டால் 100 கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அடுத்த முறை அந்த மாதிரிப் புத்தகத்தை அவர் எடைக்குத் தள்ளாமல் எடுத்துவைப்பார் அல்லவா? விலை அதிகமாகச் சொன்னால், அந்த நூல் நாட்டுடைமையானதா, இணையத்தில் இலவசமாக இருக்கிறதா என்று கைபேசியில் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பழைய முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் விஷயத்தில் கடைக்காரருக்கு நம்மைவிட நன்றாகவே விலை தெரியும்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மற்றப் புத்தகங்களோடு சேர்க்காதீர்கள். நிழலில், காற்று வருகிற இடத்தில் விசிறி போல விரித்து நிற்க வையுங்கள். நேர் வெயில் வேண்டாம், தாள் இன்னும் ஒடியும். பூச்சி இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி, இறுக மூடி, ஃப்ரீசரில் ஒரு வாரம் வைக்கலாம். வெளியே எடுத்தபின் ஒரு நாள் பையைத் திறக்கக் கூடாது, திறந்தால் ஈரம் பிடிக்கும். கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். சில வருஷத்தில் பசை மஞ்சளாகித் தாளையும் தின்றுவிடும். மைதாப் பசையும் மெல்லிய டிஷ்யூ தாளும் போதும்.

உள்ளே இருக்கிற காகிதத்தையும் உதறிக் கொட்டிவிடாதீர்கள். பல்லவன் பஸ் டிக்கெட், ரேஷன் கடை ரசீது, காய்ந்த அரசிலை, 1961-இல் ஒரு கல்யாணத்தில் "மணமக்களுக்கு அன்புடன்" என்று எழுதிக் கொடுத்த முதல் பக்கம், எல்லாம் எனக்குக் கிடைத்திருக்கின்றன. அந்த 16 பக்கம் குறைந்த சித்த வைத்தியப் புத்தகத்திலும் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. சுளுக்குக்கு எண்ணெய் காய்ச்சும் முறை, பென்சிலில், ஒரு பெண்ணின் கையெழுத்தில். நொச்சி, வேலிப்பருத்தி, கால் படி நல்லெண்ணெய். கடைசி வரியில் "அம்மா சொன்னது" என்று எழுதியிருந்தது. அது இருந்த பக்கத்திலேயே திரும்ப வைத்திருக்கிறேன்.