சென்னையில் வந்து இறங்கும் தங்கச்சிக்கு: முதலில் எங்கே, அப்புறம் எங்கே

வீட்டை விட்டுக் கிளம்பி கிளாம்பாக்கத்திலோ எழும்பூரிலோ வந்து இறங்குகிற திருநங்கைப் பிள்ளைகள் என்னிடம் எடுத்த எடுப்பில் கேட்பது பாலின மாற்று ஆபரேஷனைப் பற்றித்தான். அது இருக்கட்டும் கண்ணு, இன்னைக்கு ராத்திரி எங்கே படுக்கப் போறே என்று நான் திருப்பிக் கேட்பேன். சூளைமேட்டில் தள்ளுவண்டியில் இட்லிக் கடை போட்டிருக்கிற திருநங்கை நான். கடைக்கு வருகிற பிள்ளைகளிடம் வாயால் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தங்க இடம் முதலில். பதினெட்டு வயது முடிந்தவர்களுக்கு ‘கரிமா கிரஹ்’ என்று மத்திய அரசுத் திட்டத்தில் ஒரு இல்லம் இருக்கிறது. சென்னையில் அதை டிரான்ஸ்ஜெண்டர் ரைட்ஸ் அசோசியேஷன் நடத்துகிறது. சாப்பாடு, படுக்கை, மருத்துவ உதவி கிடைக்கும். தமிழக அரசும் 2025-ல் சென்னையிலும் மதுரையிலும் ‘அரண்’ இல்லங்களைத் தொடங்கியது. இரண்டிலும் இடமில்லை என்றால் நமக்காக வேலை செய்கிற தோழி, சகோதரன் போன்ற அமைப்புகளைக் கேள். சகோதரன் 1998-லிருந்து இந்த ஊரில் இருக்கிறது, யாரைப் பிடித்தால் வேலை நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். வயது பதினெட்டு ஆகவில்லையா? குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போடு. அந்த வயதில் தனியாக எங்கேயும் தங்கிவிடாதே.

வீட்டில் ‘காணவில்லை’ என்று போலீசில் எழுதிக் கொடுத்திருப்பார்கள். பயந்து போனை அணைத்துவிடாதே. 2021-ல் சுஷ்மா வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது இது: காணாமல் போனவர் வயது வந்தவர், தன் விருப்பத்தோடு இருக்கிறார், நம்மைப் போன்ற பாலினச் சிறுபான்மையினர் என்று தெரிந்தால், வாக்குமூலத்தை வாங்கிக்கொண்டு, தொந்தரவு செய்யாமல் போலீஸ் வழக்கை முடித்துவிட வேண்டும். ஸ்டேஷனுக்குத் தனியாகப் போகாமல் அமைப்பிலிருந்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு போ. வக்கீல் வைக்கக் காசில்லை என்றால் இலவச சட்ட உதவிக்கு 15100.

ஜமாத்தில், அதாவது ஒரு மூத்த திருநங்கையைக் குருவாக ஏற்று அவருக்கு மகளாகிச் சேர்ந்து வாழ்கிற நம் கூட்டத்தில், சேரலாமா என்று கேட்காத பிள்ளை இல்லை. சேரலாம். பெரியவர்களைக் கண்டால் ‘பாவ்படுத்தி’ என்று வணக்கம் சொல்வதிலிருந்து புடவைக்குக் கொசுவம் வைப்பது வரை அங்கேதான் கற்றுக்கொள்வாய். காய்ச்சலில் கிடந்தால் கஞ்சி வைத்துக் கொடுப்பதும் அவர்கள்தான், செத்தால் எடுத்துப் போடுவதும் அவர்கள்தான். என் குருதான் என்னைத் தபால் வழியில் டிகிரி சேர்த்துவிட்டார். ஆனால் எல்லா வீடும் ஒரே மாதிரி இருக்காது. வந்த வாரமே யாரையும் குரு என்று ஏற்காதே. மகளான பிறகு வேறு வீடு மாற நினைத்தால் பஞ்சாயத்து கூட்டிப் பணம் கட்டச் சொல்வார்கள். முதலில் அந்த வீட்டு மூத்த மகள்களைத் தனியாகப் பிடித்து உட்கார வைத்துக் கேள். கடை கடையாகக் கை நீட்டிக் கேட்டு வருகிற காசில் உன் கைக்கு எவ்வளவு நிற்கும்? வேலைக்கோ படிக்கவோ போனால் குரு என்ன சொல்வார்? ஆபரேஷனுக்குக் கடன் கொடுத்தால் அதை எப்படிக் கழிப்பது? பதில் வராமல் சிரிப்பு மட்டும் வந்தால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பு. ஆதாரையும் மார்க் ஷீட்டையும் “பீரோவுல பத்திரமா வைக்கிறேன்” என்று யார் கேட்டாலும், நான் கேட்டாலும், கொடுக்காதே.

அடுத்தது திருநங்கை அடையாள அட்டை. திருநர் உரிமைகளுக்கான 2019 சட்டப்படி மாவட்ட ஆட்சியர் சான்றிதழும் அட்டையும் தருகிறார். மத்திய அரசின் தேசிய இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இதில்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். நாம் சென்னை என்று சொல்கிற ஊர் வேறு, வருவாய்த் துறைக்குச் சென்னை வேறு. தாம்பரம், பல்லாவரம் என்றால் செங்கல்பட்டு மாவட்டம். ஆவடி என்றால் திருவள்ளூர். போதாததற்கு, 2020 விதிகள் அந்த மாவட்டத்தில் பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும் என்கின்றன. அதனால் புதிதாக வந்தவள் சொந்த மாவட்டத்துக்கே இணையத்தில் போட்டுவிடலாம். கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் உன்னுடையதாக இருக்கட்டும், தம்பி நம்பரைக் கொடுத்து வைக்காதே. புதுப் பெயரின் எழுத்தை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு எல்லா இடத்திலும் அதையே போடு. அப்பா மேல் உள்ள கோபத்தில் இனிஷியலை ஓரிடத்தில் விட்டு ஓரிடத்தில் போட்டால், பிறகு பான் அட்டையும் வங்கிக் கணக்கும் ஒன்றோடொன்று சேராது.

அட்டை கைக்கு வந்ததும் ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகைக்குப் போ. கடற்கரை ஸ்டேஷனில் இறங்கி நடந்துவிடலாம். அங்கே மாவட்ட சமூக நல அலுவலகத்தில் 2008-ல் அமைத்த திருநங்கைகள் நல வாரியத்தின் திட்டங்களை விசாரி. சுயதொழிலுக்கு ஐம்பதாயிரம் ரூபாய் மானியம் உண்டு, கடன் இல்லை, திருப்பிக் கட்ட வேண்டாம். என் தள்ளுவண்டியும் கிரைண்டரும் அந்தக் காசில் வந்தவை. கல்லூரிப் படிப்புச் செலவை அரசு ஏற்கிறது, நாற்பது தாண்டியவர்களுக்கு ஓய்வூதியம் இருக்கிறது. சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் உனக்கு டிக்கெட் இலவசம். கண்டக்டர் ஏற இறங்கப் பார்த்தால் நீயே கேட்டு வாங்கு.

இனி ஆபரேஷன். அரசு மருத்துவமனையில் இலவசம். சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் நமக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. மனநல மருத்துவர், ஹார்மோன் மருத்துவர் எல்லோரையும் பார்க்கச் சொல்வார்கள், அலைச்சல்தான். அதற்குப் பொறுமை இல்லாமல் பெண் ஹார்மோனுக்காக மருந்துக்கடையில் கருத்தடை மாத்திரை வாங்கிப் போடுகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்கு ஏறினால் உயிர் போகும். சிகரெட்டும் பிடிக்கிறவளாக இருந்தால் ஆபத்து இன்னும் கூடும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ, என்ன மாத்திரை போட்டாய் என்று மறைக்காமல் சொல். எச்.ஐ.வி. பரிசோதனை அரசு நம்பிக்கை மையத்தில் இலவசம், விவரத்துக்கு 1097.

ராத்திரியில் மனசு பாரமாகி ஏதாவது செய்துகொள்ளத் தோன்றினால் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகாவின் 044-24640050, இல்லை என்றால் இருபத்து நான்கு மணி நேரமும் அரசின் மனநல உதவி எண் 14416. எங்கள் கடை காலை ஐந்தரைக்குத் திறக்கும்.