ஆனந்தின் தாக்குதல் ஆட்டத்தைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் சனி, ஞாயிறு செஸ் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் இப்போது பெரிய ஆட்டக்காரர்களின் ஆட்டங்களை நிறையப் பார்க்கிறார்கள். 2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தது, 2024இல் குகேஷ் உலக சாம்பியன் ஆனார். அதற்கப்புறம் செஸ் வீடியோ பார்த்தால் வீட்டில் யாரும் திட்டுவதில்லை. நல்ல விஷயம். ஆனால் பார்க்கிற விதத்தில், நாங்கள் படித்த காலத்தில் நடந்த அதே தவறுகள் திரும்ப வருகின்றன. கடிகாரத்தை அமுக்க மறப்பது, ஸ்கோர் ஷீட்டில் கட்டத்தை மாற்றி எழுதுவது எல்லாம் நான்கு போட்டி ஆடினால் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு ஆட்டம் போதும். 2013 ஜனவரியில் நெதர்லாந்தின் கடலோர ஊரான வைக் ஆன் ஸீயில், கிராண்ட்மாஸ்டர் லெவோன் ஆரோனியனை விஸ்வநாதன் ஆனந்த் கறுப்புக் காய்களில் ஆடி 23 நகர்வுகளில் வென்ற ஆட்டம்.

எஞ்சினை (நகர்வைக் கணித்துச் சொல்லும் செஸ் மென்பொருளை) முதலிலேயே ஓட்டுவது

வேண்டாம்.

பலி கொடுத்த இடத்திலிருந்து பார்ப்பது

வீடியோவைத் தள்ளித் தள்ளி, காயை வேண்டுமென்றே வெட்டக் கொடுக்கும், அதாவது பலி கொடுக்கும் இடத்துக்கு நேராகப் போய்விடுகிறார்கள். அந்தத் தாக்குதல் எங்கிருந்து வந்தது என்பது அதற்கு முன்னால் இருக்கிறது. ஆனந்த் 10ஆவது நகர்வில் பிஷப்பை பி7இல் வைக்கிறார் (வெள்ளையின் பக்கமிருந்து பார்த்தால் கட்டங்களுக்கு இடமிருந்து வலமாக ஏ முதல் எச் வரை எழுத்து, கீழிருந்து மேலாக 1 முதல் 8 வரை எண்). அப்போது அதன் வழியைச் சொந்தச் சிப்பாயே சி6இல் நின்று மறிக்கிறது. 12ஆவது நகர்வில் அந்தச் சிப்பாய் சி5க்குப் போனதும், மூலைவிட்டம் முழுக்கத் திறந்து வெள்ளை ராஜா இருக்கும் பக்கம் பாய்கிறது. மறுபக்கம் பாருங்கள்: வெள்ளையின் ஒரு குதிரை மட்டும் எஃப்3, ஜி5, எச்7, எஃப்8, ஜி6 என்று ஐந்து நகர்வுகளைத் தின்றுவிட்டது. சி1 பிஷப்பும் ஏ1 யானையும் ஆட்டம் முடியும்வரை அசையவே இல்லை. இவ்வளவும் சேர்ந்துதான் பலி பலித்தது.

ஆடப்படாத வரிகளைத் தாண்டிப் போவது

இதுதான் பெரிய தவறு. எத்தனை வருடம் ஆனாலும் இதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வந்துவிடுகிறது.

விளக்கத்தோடு ஒரு ஆட்டம் அச்சாகும்போது, ஆடிய நகர்வுகள் தடித்த எழுத்திலும் ஆடாத வேரியேஷன்கள், அதாவது ஆடியிருக்கக்கூடிய மாற்று வரிகள், அடைப்புக்குறிக்குள்ளும் இருக்கும். பிள்ளைகள் தடித்த எழுத்தை மட்டும் பலகையில் ஆடிப் பார்த்துவிட்டு, 'முடிச்சாச்சு சார்' என்று வந்து நிற்பார்கள். தாக்குதல் ஆட்டத்தின் உயிரே அந்த அடைப்புக்குறிக்குள்தான் இருக்கிறது. நல்ல ஆட்டக்காரர் எதிரில் இருந்தால் அழகான மேட் (ராஜா தப்பவே முடியாத முடிவு) பலகையில் வராது. அவர் அதை முன்னாடியே பார்த்து ஒதுங்கிவிடுவார்.

16ஆவது நகர்வை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனந்த் டி7 குதிரையை இ5இல் கொண்டுபோய் வைக்கிறார். அந்த நிமிடம் கறுப்பின் நான்கு காய்கள் வெட்டு வாயில் நிற்கின்றன: இ5 குதிரை, ஜி4 குதிரை, சி5 பிஷப், எஃப்8 யானை. முதல் தடவை பார்க்கிறவருக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். எஃப்4 சிப்பாய் இ5 குதிரையை வெட்டினால் என்ன? ஆரோனியன் அதை வெட்டவில்லை, அதனால் தடித்த எழுத்தில் பதில் கிடையாது. நீங்களே காயை எடுத்து ஆட வேண்டும். சிப்பாய் குதிரையை வெட்டட்டும். கறுப்பு ராணி டி4 சிப்பாயை வெட்டிச் செக் சொல்கிறது. ராஜா எச்1 மூலைக்குப் போகிறது. ராணி ஜி1இல் போய் விழுந்து மறுபடி செக். சி5 பிஷப் காவல் இருப்பதால் ராஜா அதை வெட்ட முடியாது, யானைதான் வெட்ட வேண்டும். வெட்டியதும் ஜி4 குதிரை எஃப்2இல் குதிக்கிறது. மேட். ராஜாவைச் சுற்றிச் சொந்தக் காய்களே அடைத்துக்கொண்டு நிற்கின்றன.

இந்த வரியைக் கையால் ஆடிப் பார்த்தவருக்குத்தான் சி5 பிஷப் ஏன் அங்கே இருந்தது, ஜி4 குதிரை ஏன் முன்னாடியே போய் உட்கார்ந்தது என்று விளங்கும். ஆடிப் பார்க்காதவருக்கு 'ஆனந்த் குதிரையை இ5இல் வைத்தார்' என்ற செய்தி மட்டும்தான் மிஞ்சும்.

அந்தச் செய்தியோடு ஒரு பையன் திண்டுக்கல்லில் ஒரு போட்டிக்குப் போனான். கெட்டிக்காரப் பையன். சமநிலையில் இருந்த ஆட்டத்தில் குதிரையை இ5இல் வைத்தான். எதிரில் இருந்த சிறுமி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சிப்பாயால் வெட்டி எடுத்துக்கொண்டாள். அதற்கப்புறம் இவனிடம் எதுவுமே இல்லை. பிஷப் எஃப்8 வீட்டைவிட்டுக் கிளம்பவே இல்லை, இன்னொரு குதிரை ராஜாவுக்கு அந்தப் பக்கம் நின்றது. திரும்பும் பஸ்ஸில் ஆரப்பாளையம் வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தான்: "ஆனந்த் சாரும் குதிரையத்தானே சார் குடுத்தார்?" பாக்கெட் செட்டைத் திறந்து ஜி1இல் ராணி விழும் வரியை வைத்துக் காட்டினேன். அவன் அதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தான். அந்த ஆட்டத்தின் வீடியோவை அவன் பல தடவை பார்த்திருந்தான். அவ்வளவு உழைப்பும் ஒரு அடைப்புக்குறியைத் தாண்டியதால் வீணாய்ப் போனதே என்றுதான் எனக்கு ஆற்றாமை.

எங்கே 'இதை ஏன் வெட்டவில்லை?' என்று தோன்றுகிறதோ, அங்கே நிறுத்துங்கள். முதலில் நீங்களே வெட்டிப் பாருங்கள், அப்புறம் நிபுணர் எழுதியதைப் படியுங்கள். ஒரு ஆட்டத்துக்கு ஒரு மாலை முழுக்கப் போனாலும் போகட்டும்.

ஆச்சரியக்குறியைப் பார்த்து வியப்பது

நல்ல நகர்வு என்று காட்ட அதன் பக்கத்தில் போடும் குறி அது. குறியைக் கையால் மூடிக்கொண்டு நகர்வைப் பாருங்கள்.

நேரலை வர்ணனையை முடிவான விளக்கமாக எடுத்துக்கொள்வது

நேரலையில் பேசுகிறவரும் அப்போது ஊகித்துக்கொண்டுதான் இருக்கிறார். ஆடியவர் பிறகு சொல்வதையும் தேடிப் படிக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் ஆனந்துக்கு நினைவு வந்தது 1907இல் லோட்ஸ் நகரில் ரோட்லெவியை ரூபின்ஸ்டைன் வென்ற ஆட்டம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கேயும் இரண்டு கறுப்பு பிஷப்புகள் ஒரே ராஜாவைக் குறிவைத்து நிற்கும், ஜி4இல் ஒரு குதிரையும் இருக்கும்.

ரிசைன் செய்த இடத்தில் நிறுத்துவது

ஆரோனியன் ரிசைன் செய்வதற்கு (தோல்வியை ஒப்புக்கொள்வதற்கு) சற்று முன் கறுப்பு ராணி எச்5இல் நின்று எச்3இல் மேட் மிரட்டுகிறது. ஜி2 சிப்பாயை பி7 பிஷப் 'பின்' (pin) செய்திருக்கிறது, சிப்பாய் விலகினால் ராஜா வெட்டு வாயில் நிற்கும்; அதனால் அந்தச் சிப்பாய் ராணியை வெட்ட முடியாது. அதனால் ஆரோனியன் ராணியை டி3இல் வைத்து மூன்றாவது வரிசை வழியாக எச்3ஐக் காக்கிறார். ஆனந்த் பிஷப்பை அந்த வரிசையின் நடுவே இ3இல் வைத்து வழியை அடைக்கிறார். வெள்ளை பிஷப் அதை வெட்டினால், வெள்ளை பிஷப்பே இப்போது சொந்த ராணியை மறைத்துவிடும். ராணி வெட்டினால், குதிரை ராணியை எடுத்துக்கொள்ளும்.

ரூபின்ஸ்டைன் ஆட்டத்தின் கடைசி நகர்வு யானை எச்3. அங்கே வெள்ளை ராணி ஜி2இல், அந்த யானைக்கு ஒட்டினாற்போல் நிற்கிறது. அது ஏன் யானையை வெட்ட முடியவில்லை என்பதை எஞ்சின் இல்லாமல் பலகையில் வைத்துக் கண்டுபிடித்துவிட்டு அடுத்த வகுப்புக்கு வாருங்கள்.