'உளர்' வந்தால் பென்சிலை எடுப்பேன்

எம்.ஏ. படிக்கும்போது திருக்குறளுக்குப் பரிமேலழகர் எழுதிய உரையை முதல்முறை முழுதாகப் படித்தேன். ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதி பார்த்தும் உரை பிடிபடவில்லை. 'மலர்மிசை ஏகினான்' குறளில்தான் சிக்கல் எங்கே என்று தெரிந்தது. 'பூமேல் நடந்தான்' என்ற பெயரைக்கொண்டு வேறொரு கடவுளுக்கு 'ஏற்றுவாரும் உளர்' (பொருத்திச் சொல்பவர்களும் இருக்கிறார்கள்) என்று உரையில் வருகிறது. அதையே பரிமேலழகர் கருத்தாகக் குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். 'உளர்' என்பதை அடிக்கோடிட்டு, "இது யார் கருத்து?" என்று மட்டும் கேட்டார் ஆசிரியர்.

அப்புறம் சொல்லின் பொருளை விட்டுவிட்டு, அது அங்கே செய்யும் வேலையைப் பார்க்க ஆரம்பித்தேன். 'உளர்' வந்தால் பிறர் கருத்து. ஓரத்தில் 'பி' என்று போடுவேன். அதே உரையில் 'ஏகினான்' (சென்றான்) என்று வள்ளுவர் ஏன் இறந்தகாலத்தில் சொன்னார் என்பதற்கு விளக்கம் தந்துவிட்டு, 'என்னை?' (ஏன்?) என்று பரிமேலழகர் கேட்கிறார். உடனே தொல்காப்பிய நூற்பா (இலக்கண விதி) வருகிறது, 'என்பது ஓத்தாகலின்' (என்பது விதி என்பதால்) என்று முடிகிறது. அந்தக் கேள்வி நமக்கானதல்ல, சான்று வருகிறது என்ற அறிவிப்பு. இது புரிந்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

தொல்காப்பிய உரைகளில் 'என்னுதலிற்றோ எனின்' (எதைச் சொல்ல வந்தது என்றால்) என்று வந்தால் நூற்பாவின் நோக்கத்தைச் சொல்லப்போகிறார்கள். 'ஈண்டு' (இங்கே) என்றால் இந்த இடத்தில் மட்டும் இந்தப் பொருள். அதை மற்ற இடங்களுக்குக் கொண்டுபோகக் கூடாது.

இப்போது புது உரை எதை எடுத்தாலும் முதல் வாசிப்பில் இவற்றுக்கு மட்டும் குறி போடுகிறேன். அகராதி இரண்டாம் வாசிப்புக்குத்தான்.