ஊர்க் கடையில் மாத்திரை விற்பதும் வாங்குவதும்: சட்டத்துக்கு உட்பட்ட வழிமுறை

மருந்துக் கடையே இல்லாத சிற்றூரில் இரவு நேரத்தில் தலைவலியோ காய்ச்சலோ வந்தால், மக்கள் முதலில் போய் நிற்பது தெருமுனை மளிகைக் கடையில்தான். "அண்ணாச்சி, தலைவலிக்கு ரெண்டு மாத்திரை குடுங்க" என்று கேட்பதும், அவர் பிஸ்கட் டப்பாவுக்குப் பக்கத்தில் செருகி வைத்திருக்கும் அட்டையிலிருந்து இரண்டைக் கத்தரித்துக் கொடுப்பதும் நெடுங்காலப் பழக்கம். இதில் எது சட்டப்படி சரி, எது குற்றம் என்பது பெரும்பாலும் விற்பவருக்கும் தெரிவதில்லை, வாங்குபவருக்கும் தெரிவதில்லை. மருந்துக் கடைக்கு வெளியே சில மருந்துகளை விற்க இந்தியச் சட்டம் இடம் தந்திருக்கிறது. ஆனால் அந்த இடம் குறுகலானது, நிபந்தனைகளோடு கூடியது. முதலில் கடை வைத்திருப்பவர் செய்ய வேண்டியவற்றையும், பிறகு வாங்குபவர் கவனிக்க வேண்டியவற்றையும் இங்கே சொல்கிறேன்.

உங்கள் கடைக்கு உரிமம் தேவையா?

1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப் பொருட்கள் சட்டத்தின்படி, மருந்து விற்பதற்கு உரிமம் வேண்டும் என்பதே பொது விதி. அந்தச் சட்டத்தின் கீழ் 1945இல் இயற்றப்பட்ட விதிகளில் 'அட்டவணை கே' என்றொரு பகுதி உண்டு. எந்தெந்தப் பொருட்களுக்கு எந்தெந்த நிபந்தனையின் பேரில் விலக்கு என்பதை அது சொல்கிறது. அதன் 13ஆவது பதிவுதான் வீட்டு மருந்துகளைப் பற்றியது. மக்கள்தொகை ஆயிரத்துக்கு மேற்படாத கிராமமாக இருந்து, அங்கே உரிமம் பெற்ற மருந்து விற்பனையாளர் எவரும் இல்லாமலும் இருந்தால், அந்தப் பதிவில் உள்ள மருந்துகளை விற்பனை உரிமம் இல்லாமலே விற்கலாம். இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்தே நிறைவேற வேண்டும். ஊரில் அறுநூறு பேர்தான் இருக்கிறார்கள், ஆனால் பேருந்து நிறுத்தத்தில் ஒரு மெடிக்கல் ஷாப் இருக்கிறது என்றால் இந்த விலக்கு உங்களுக்குப் பொருந்தாது. எல்லை குறித்து ஐயம் இருந்தால் உங்கள் பகுதி மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் கேட்டு, பதிலைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய ஊரில் கடை வைத்திருப்பவருக்கும் வழி அடைபட்டுவிடவில்லை. பதிவு பெற்ற மருந்தாளுநரின் மேற்பார்வை தேவைப்படாத மருந்துகளை மட்டும் விற்பதற்கென்று வரையறுக்கப்பட்ட உரிமம் ஒன்று விதிகளில் இருக்கிறது. படிவம் 19ஏ-இல் விண்ணப்பித்து, படிவம் 20ஏ-இல் அதைப் பெற வேண்டும். இதை வழங்குவது உரிமம் வழங்கும் அதிகாரியின் தீர்மானத்தைப் பொறுத்தது. மருந்துகளை வைப்பதற்குத் தகுந்த இடம் கடையில் இருக்கிறதா என்பதையும் பார்ப்பார்கள். தமிழ்நாட்டில் இதற்கு அணுக வேண்டியது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. இந்த வாய்ப்பு இருப்பதே பல கடைக்காரர்களுக்குத் தெரியாமல் இருப்பது வருத்தத்துக்குரியது, ஏனென்றால் விலக்கும் இல்லாமல் உரிமமும் இல்லாமல் மருந்து விற்றால் சட்டத்தின் 27ஆவது பிரிவின்படி மூன்று ஆண்டுக்குக் குறையாத, ஐந்து ஆண்டு வரை நீளக்கூடிய சிறைத்தண்டனையும் குறைந்தது ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம்.

எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது?

13ஆவது பதிவின் பட்டியலில் பாராசிட்டமால் மாத்திரை, ஆஸ்பிரின் மாத்திரை, வலி தைலங்கள், வயிற்றெரிச்சலுக்கான அமில முறிவு மருந்துகள், கிரைப் வாட்டர், மூக்கடைப்புக்கான இன்ஹேலர், இருமல் மிட்டாய்கள், தீப்புண் களிம்பு, பஞ்சு, கட்டுத்துணி, பிளாஸ்திரி, விளக்கெண்ணெய், யூகலிப்டஸ் தைலம், டிஞ்சர் அயோடின் போன்றவை இருக்கின்றன. இது பழைய பட்டியல்; குயினின் போன்ற, இன்று எவரும் தாமாக விழுங்கக் கூடாத மருந்தும் அதில் இருக்கிறது. திருத்தத்துக்கு உட்பட்டது என்பதால், தொடங்கும்முன் நடப்பில் உள்ள வடிவத்தை ஆய்வாளர் அலுவலகத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். பட்டியலில் இருப்பதை எல்லாம் அடுக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பாராசிட்டமால் 500 மில்லிகிராம், ஓர் அமில முறிவு மருந்து, காயத்துக்கான பொருட்கள் ஆகிய மூன்றையும் ஒழுங்காக வைத்தாலே ஊருக்குப் போதும் என்பது என் கருத்து.

அமிர்தாஞ்சன், விக்ஸ் வேப்போரப் போன்ற தைலங்கள் எல்லாப் பெட்டிக்கடையிலும் தாராளமாகக் கிடைப்பதற்குக் காரணம் வேறு: இவை ஆயுர்வேத மருந்துகளாகத் தயாரிக்கப்படுகின்றன, அவ்வகை மருந்துகளுக்கு விற்பனை உரிமம் கேட்கப்படுவதில்லை. தைலத்தை விற்கலாம் என்பதால் பக்கத்தில் எந்த மாத்திரையையும் வைக்கலாம் என்று நினைப்பது தவறு.

மருத்துவரின் மேற்பார்வையோ சீட்டோ தேவைப்படும் மருந்துகளைப் பட்டியலிடும் அட்டவணை ஜி, எச், எக்ஸ் ஆகியவற்றில் அடங்கிய எந்தப் பொருளும் இந்த விலக்கில் சேராது. இதைக் கடைக்காரர் அட்டையைப் பார்த்தே கண்டுபிடித்துவிட முடியும்: அட்டையில் சிவப்புக் கோடோ, ஆர்எக்ஸ் குறியோ, மருத்துவரின் மேற்பார்வையின்றி உட்கொள்வது ஆபத்து என்ற எச்சரிக்கையோ இருந்தால் அது உங்கள் கடைக்கு உரியதன்று. சளி மாத்திரை என்று கேட்டு வாங்கப்படும் பலவற்றில் குளோர்பெனிரமின் என்னும் ஒவ்வாமை எதிர்ப்பு மருந்து இருக்கிறது. அது அட்டவணை ஜி-யில் உள்ளது, தூக்கத்தையும் தரும். இரவுப் பேருந்து ஓட்டப்போகிறவர் அதை விழுங்கிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஆன்டிபயாட்டிக், ஸ்டீராய்டு கலந்த தோல் களிம்பு, தூக்க மாத்திரை ஆகியவற்றைத் தெரிந்தவர் கேட்டாலும், எவ்வளவு கெஞ்சினாலும் தரக் கூடாது.

பட்டியலில் இருந்தாலும் நான் வைக்க வேண்டாம் என்று சொல்பவை இரண்டு. ஒன்று, இருமல் சிரப். 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தில் இருமல் சிரப் குடித்த 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள்; அந்த சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுக் கரைப்பான் 48.6 விழுக்காடு கலந்திருந்ததைத் தமிழ்நாட்டு அரசின் ஆய்வகமே கண்டறிந்தது. பாட்டிலைப் பார்த்து இதை எந்தக் கடைக்காரராலும் கண்டுபிடிக்க முடியாது. சிறு குழந்தையின் இருமலுக்குப் பெரும்பாலும் சிரப் தேவைப்படுவதும் இல்லை. இரண்டாவது, ஆஸ்பிரின். காய்ச்சலுக்கு மாத்திரை கேட்டு வருபவருக்கு இருப்பது டெங்குவா என்று கடையில் நின்று சொல்ல முடியாது. டெங்குவில் ஆஸ்பிரின் இரத்தக்கசிவை அதிகப்படுத்தும். வைரஸ் காய்ச்சல் கண்ட பிள்ளைகளுக்கு அதைக் கொடுத்தால் கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரெய் நோய் வரக்கூடும்.

கொள்முதலும் வைப்பும்

உரிமம் பெற்ற மொத்த விற்பனையாளரிடமோ தயாரிப்பாளரிடமோ மட்டுமே வாங்க வேண்டும் என்பது விலக்கின் நிபந்தனைகளுள் ஒன்று. பில்லில் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கின்றனவா என்று பார்த்துப் பத்திரப்படுத்துங்கள். ஒரு தொகுதியைத் திரும்பப் பெறச் சொல்லி அறிவிப்பு வந்தால், உங்கள் கையில் இருப்பது அதுதானா என்று அறிய அந்த பில்தான் உதவும். மருத்துவர்களுக்குத் தரும் மாதிரி மருந்துகளும், அரசு வழங்கல் என்று அச்சிட்டவையும் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

தகரக் கூரையின் கீழ் சித்திரை வெயிலில் மாத்திரை அட்டையைத் தோரணமாகத் தொங்கவிடுவது கூடாது. பல மருந்துகள் 30 டிகிரிக்குக் குறைவான இடத்தில் வைக்கப்பட வேண்டியவை. மண்ணெண்ணெய், பூச்சி மருந்து, எலி மருந்து ஆகியவற்றின் பக்கத்தில் இல்லாமல், சுவரின் நிழல் பக்கத்தில், மூடியுள்ள தனிப் பெட்டியில், குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

எப்படி விற்பது

விலக்கின் நிபந்தனைகளிலேயே மிகுதியாக மீறப்படுவது, மருந்தைத் தயாரிப்பாளரின் பிரிக்கப்படாத மூல உறையில்தான் விற்க வேண்டும் என்பதே. கத்தரித்துக் கொடுத்த இரண்டு மாத்திரையில் மருந்தின் பெயர் பாதி இருக்கும், காலாவதித் தேதி கடையிலேயே மீதித் துண்டோடு தங்கிவிடும். வீட்டுக்குப் போன பிறகு அது என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்று சொல்ல ஆள் இருக்காது; நிலைமை மோசமாகி மருத்துவமனைக்குப் போனால் மருத்துவருக்கும் தெரியாது. அட்டையை வெட்டாதீர்கள். முழு அட்டை வாங்கக் காசில்லாதவர்களுக்காகச் சிறிய அட்டையாகக் கிடைக்கும் மருந்தைக் கொள்முதல் செய்யுங்கள்.

அளவுக்கு ஓர் உச்சவரம்பும் வேண்டும். பிரிட்டனில் மளிகைக் கடையிலும் பாராசிட்டமால் கிடைக்கும். ஆனால் 1998 செப்டம்பர் முதல் அத்தகைய கடைகளில் ஒரு பொதியில் 16 மாத்திரைக்கு மேல் இருக்கக் கூடாது, மருந்தகத்தில் 32. அதற்குப் பிறகு பாராசிட்டமாலை அளவு மீறி உண்டு இறப்போர் எண்ணிக்கை குறைந்தது. சுவீடன் 2009 நவம்பரில் பொதுக் கடைகளுக்கு அனுமதி தந்தது. நஞ்சேற்றச் சம்பவங்கள் கூடியதால் 2015 நவம்பரில் பாராசிட்டமால் மாத்திரையை மட்டும் மீண்டும் மருந்தகங்களுக்கே கொண்டுபோனது. தென்கொரியா 2012 நவம்பரில் 13 மருந்துகளை மட்டும் 24 மணி நேரமும் திறந்திருக்கும் சிறு கடைகளுக்கு அனுமதித்தபோதே, ஒரு முறைக்கு ஒரு பொதி, 12 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பனை இல்லை, விற்பவருக்குப் பயிற்சி கட்டாயம் என்ற வரம்புகளையும் சேர்த்தது. இந்தியாவில் இத்தகைய மருந்துப் பட்டியலை விரிவாக்க வேண்டும் என்ற பேச்சு வரும்போதெல்லாம் எவ்வளவு விற்கலாம் என்பதும் கூடவே பேசப்பட வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அதுவரை நீங்களே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள்: ஒருவருக்கு ஓர் அட்டை, பள்ளிப் பிள்ளைகள் தனியாக வந்தால் இல்லை. மனம் உடைந்தவராகத் தெரிபவர் நாலைந்து அட்டை கேட்டால் மறுத்துவிட்டு வீட்டாருக்குச் சொல்லி அனுப்புங்கள்.

கொடுக்கும்முன் சிலவற்றைக் கேட்பது நல்லது: மருந்து யாருக்கு, காய்ச்சல் எத்தனை நாளாக, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார், கர்ப்பிணியா. மூன்று நாளைக் கடந்த காய்ச்சல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், இரத்தவாந்தி, கைக்குழந்தையின் காய்ச்சல் என்றால் மாத்திரை கொடுக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். நெஞ்செரிச்சல் என்று ஜெலுசில் கேட்டு வருபவர் வியர்த்துக் கொட்டிக்கொண்டு நின்றால் 108ஐ அழையுங்கள்.

வாங்குபவர் கவனத்துக்கு

பாராசிட்டமால் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு, அதுவும் நாலு முதல் ஆறு மணி நேர இடைவெளியில். மது பழக்கமும் கல்லீரல் கோளாறும் உள்ளவர்களுக்கு இதுவே அதிகம். தவறு பெரும்பாலும் நேர்வது இரட்டிப்பில்தான்: காய்ச்சலுக்கு என்று 650 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, சளிக்கு என்று வேறு பெயரில் இன்னொன்று, இரண்டிலும் இருப்பது பாராசிட்டமால். முன்பக்கத்துப் பெரிய எழுத்தை விட்டு, பின்பக்கத்தில் சிறிதாக அச்சிட்டிருக்கும் மூலப்பொருளைப் படியுங்கள்.

குழந்தைக்கான பாராசிட்டமால் திரவம் மேற்சொன்ன பட்டியலில் இல்லை. மாத்திரை மட்டுமே இருக்கிறது. திரவத்தை மருந்துக் கடையிலேயே வாங்குங்கள், ஏனெனில் சொட்டு மருந்தில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராமும், சிரப்பில் ஐந்து மில்லியில் 125 அல்லது 250 மில்லிகிராமும் இருக்கக்கூடும். சிரப்புக்குச் சொன்ன அளவைச் சொட்டு மருந்தில் எடுத்தால் பல மடங்கு போய்விடும்.

வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் வாங்கும்போது காகிதக் குடுவையில் வரும் பழச்சுவைப் பானத்தை வாங்காதீர்கள். சர்க்கரை மிகுந்த அத்தகைய பானங்கள் ஓஆர்எஸ் என்ற பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்று எழுதிய தூள் பொட்டலத்தைக் கேளுங்கள். 20.5 கிராம் தூள் ஒரு லிட்டர் தண்ணீருக்கு உரியது. அதை ஒரு தம்ளரில் கொட்டிக் கலக்கிக் குழந்தைக்குக் கொடுத்தால் உப்பு மிகையாகி நிலைமை மோசமாகும். முழுப் பொட்டலத்தையும் ஒரு லிட்டரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, மீதியை 24 மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள்.

தெரிந்தோ தெரியாமலோ ஒருவர் பாராசிட்டமாலை அளவுக்கு மீறி விழுங்கிவிட்டால், அவர் நன்றாகப் பேசிக்கொண்டிருக்கிறார் என்பதை வைத்துக் காத்திருக்கக் கூடாது. முதல் நாள் முழுவதும் எந்த அறிகுறியும் தெரியாமல் போகலாம். கல்லீரல் அதற்குள் கெட்டுக்கொண்டிருக்கும். இதற்கு அசிட்டைல்சிஸ்டீன் என்னும் மாற்று மருந்து இருக்கிறது. விழுங்கிய எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் மிக நன்றாக வேலை செய்யும். காலி அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். எத்தனை மாத்திரை, எத்தனை மணிக்கு என்பதை ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுங்கள்.