ஹவுஸ்கீப்பிங் மேலாளர் சான்றிதழ்: விண்ணப்பிக்கும் முன்பே செய்துவிடும் தவறுகள்

மூன்று வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஈரோட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராக இருக்கும் ஒரு பெண் கோயம்புத்தூரில் என் வீட்டுக்கு வந்தார். கையில் பிளாஸ்டிக் ஃபைல். உள்ளே பதினொரு சான்றிதழ்கள். "எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறேன் அக்கா. மேலாளர் தகுதிக்கு எங்கே விண்ணப்பிக்கலாம் என்று மட்டும் சொல்லுங்கள்" என்றார். பதினொன்றையும் மேசையில் பரப்பி ஒவ்வொன்றாகப் படித்தேன். நான் தேடியது அதில் ஒன்றிலும் இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் இதே மாதிரி ஒரு ஃபைலை நானும் கட்டிக்கொண்டு அலைந்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கடைசி நாளில் பணம் கட்டுவது, பெயரில் எழுத்துப்பிழை, மங்கலான புகைப்படம் போன்றவற்றை நான் தொடப்போவதில்லை. அவற்றை யாரும் ஒருமுறைக்கு மேல் செய்வதில்லை.

பங்கேற்றதும் தேறியதும் ஒன்றல்ல

அந்தப் பதினொன்றில் ஒன்பது, அரைநாள் அல்லது ஒருநாள் பயிலரங்குகளில் கொடுத்தவை. கிளீனிங் கெமிக்கல் விற்கும் நிறுவனங்கள், இயந்திரம் விற்கும் நிறுவனங்கள் நடத்தியவை சில. அவற்றைக் குறை சொல்லவில்லை. தரை தேய்க்கும் ஸ்க்ரப்பர் இயந்திரம் ஓட்டவும் கார்பெட் ஷாம்பூ செய்யவும் நானும் அங்கேதான் கற்றுக்கொண்டேன். ஆனால் எத்தனை மணி நேரம், என்ன பாடத்திட்டம், யார் சோதித்தார்கள் என்ற மூன்றும் இல்லாத தாள், நீங்கள் அந்த அறையில் உட்கார்ந்திருந்தீர்கள் என்பதை மட்டுமே சொல்லும்.

தகுதிச் சான்றிதழ் என்றால் தேர்வு அல்லது செய்முறை மதிப்பீடு இருக்க வேண்டும். கொடுக்கும் அமைப்புக்கு அங்கீகாரம் இருக்க வேண்டும். வேலை கொடுப்பவர் சரிபார்க்க ஒரு வழி இருக்க வேண்டும். நம் நாட்டில் முறையாகப் படிக்க நேரம் உள்ளவர்களுக்கு, தேசிய ஹோட்டல் மேலாண்மைக் கவுன்சிலின் கீழ் வரும் கல்வி நிறுவனங்களில் தங்குமிடப் பராமரிப்பு தொடர்பான டிப்ளமோக்கள் இருக்கின்றன. சென்னை தரமணியில் இருப்பதும் அந்தக் குடும்பத்துக் கல்லூரிதான். வேலையை விட முடியாதவர்களுக்கு, சுற்றுலா மற்றும் விருந்தோம்பல் திறன் கவுன்சிலின் மதிப்பீடுகள் இருக்கின்றன. கையால் செய்தே கற்றவர்களைச் சோதித்துச் சான்று தரும் ஆர்.பி.எல். என்ற முன்கற்றல் அங்கீகார முறையும் உண்டு. பள்ளிப்படிப்பு நின்றுபோய், இருபது வருடம் மாப் பிடித்து மேலே வந்தவர்களுக்கு அது பெரிய வாசல். அதைக் கேள்விப்படாமலே பலர் ஓய்வு பெறுகிறார்கள் என்பது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

பணம் கட்டுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "சான்றிதழில் கையெழுத்துப் போடும் அமைப்பு, தேசிய தொழிற்கல்வி மற்றும் பயிற்சிக் கவுன்சிலின் அங்கீகாரம் பெற்றதா, அல்லது பல்கலைக்கழகமா?" பதில் சுற்றி வளைத்து வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அனுபவத்துக்குத் தாள் இல்லாமல் இருப்பது

இதுதான் நான் அதிகம் பேச வேண்டியது. என் வாழ்க்கையில் மூன்று ஆண்டுகளைத் தின்ற தவறு. இன்றும் யாராவது இதையே செய்துவிட்டு வந்து நின்றால் எனக்குக் கோபம் வருகிறது, அவர்கள் மீதும் அவர்களை வழிநடத்தாத மேலாளர்கள் மீதும்.

சென்னையில் ஒரு ஹோட்டலில் ரூம் அட்டெண்டன்டாகச் சேர்ந்து ஒன்பது வருடம் இருந்தேன். கடைசி ஐந்து வருடம் ஃப்ளோர் சூப்பர்வைசர். இரண்டு மாடி, 46 அறைகள், காலை ஷிஃப்டில் ஏழு பேர், மாலையில் மூன்று பேர். ரோஸ்டர், அதாவது யார் எந்த நாளில் எங்கே வேலை என்ற அட்டவணை, போட்டது நான். விரிப்பு, துண்டு போன்ற லினன் கணக்கு எடுத்தது நான். புதிதாக வந்தவர்களுக்குப் படுக்கை விரிக்கக் கற்றுக்கொடுத்ததும் நான்தான். ஆனால் பதவி உயர்வு வாய்வழியாகவே வந்தது. "நாளையிலிருந்து மூன்றாவது மாடியை நீ பார்த்துக்கொள்" என்றார் எங்கள் பிரிவுத் தலைவரான எக்ஸிக்யூட்டிவ் ஹவுஸ்கீப்பர். சம்பளத்தில் ஒரு அலவன்ஸ் கூடியது. நான் மகிழ்ச்சியில் வீட்டுக்கு இனிப்பு வாங்கிப் போனேன். கடிதம் கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

வேலையை விட்டபோது கொடுத்த ரிலீவிங் லெட்டரில் மூன்று வரிகள் இருந்தன. ஹவுஸ்கீப்பிங் பிரிவில் பணிபுரிந்தார், நடத்தை நன்று, எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள். அதையும் நான் லேமினேட் செய்து வைத்தேன்.

இரண்டு வருடம் கழித்து மேலாளர் நிலைச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கப் போனேன். மேற்பார்வை அனுபவத்துக்கு ஆதாரம் கேட்டார்கள்: என்ன பதவி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எத்தனை பேருக்குப் பொறுப்பு. பழைய ஹோட்டலுக்குப் போனேன். நிர்வாகம் மாறியிருந்தது. என்னைப் பதவி உயர்த்தியவர் வளைகுடாவுக்குப் போய்விட்டார். புதிய ஹெச்.ஆர். பெண் பொறுமையாகத்தான் கணினியில் தேடினார். திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். ஒன்பது வருடமும் என் பெயருக்கு எதிரே ரூம் அட்டெண்டன்ட் என்றே இருந்தது. ஐந்து வருட ராத்திரியும் பகலும் அந்தத் திரையில் இல்லை. "பதிவில் இல்லாததை நான் எழுதித் தர முடியாதே மேடம்" என்றார். அவர் சொன்னது சரி. எனக்குப் பதில் இல்லை.

புதிய வேலையில் மேற்பார்வை ஆண்டுகளை முதலிலிருந்து சேர்த்த பிறகே என் விண்ணப்பம் ஏற்கப்பட்டது. அதற்குள் ஒரு மருத்துவமனையில் எனக்காகப் பேசி வைத்திருந்த மேலாளர் இடம் வேறொருவருக்குப் போனது.

பி.எஃப். பாஸ்புக் போதாதா என்று ஈரோட்டுப் பெண்ணும் கேட்டார். போதாது. எந்த நிறுவனத்தில் எப்போது சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள் என்பது அதில் வரும். என்ன பதவியில் இருந்தீர்கள், யாரை மேய்த்தீர்கள் என்பது வராது.

ஒப்பந்த நிறுவனம் வழியாக வேலை செய்கிறவர்களுக்கு இது இன்னும் மோசம். மருத்துவமனை ஒன்றுதான், மாடி ஒன்றுதான், வாளிகூட ஒன்றுதான்; ஆனால் டெண்டர் மாறும்போதெல்லாம் முதலாளி மாறுகிறார். அந்தப் பெண் ஏழு வருடத்தில் மூன்று ஒப்பந்ததாரர்களைப் பார்த்திருக்கிறார். முதல் இருவர் கொடுத்த தாளிலும் 'ஹெல்ப்பர்' என்று இருக்கிறது. ஐ.சி.யூ. உட்பட நான்கு வார்டுகளின் பொறுப்பு அவருடையது.

ஆகவே கேட்க வேண்டிய நேரம் வேலையை விடும்போது அல்ல. பதவி மாறிய அதே மாதத்தில் கேளுங்கள், உங்களை உயர்த்தியவர் அதே நாற்காலியில் இருக்கும்போதே. கடிதத்தில் பதவியும் தேதியும் தனித்தனியாக இருக்கட்டும். ஒன்பது வருடத்தையும் ஒரே வரியில் கட்டிவிட விடாதீர்கள். எத்தனை அறை அல்லது படுக்கை, எத்தனை பணியாளர் என்று எண்ணோடு எழுதச் சொல்லுங்கள். ரோஸ்டர், ஸ்டோர் இண்டென்ட் (கிடங்கிலிருந்து பொருள் கேட்கும் சீட்டு), லினன் கணக்கெடுப்பு, பயிற்சி ஆகியவற்றில் நீங்கள் செய்ததைப் பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள். கையெழுத்துக்குக் கீழே பெயரும் பதவியும் முத்திரையும் தொலைபேசி எண்ணும் வேண்டும். ஒப்பந்தப் பணியாளர் என்றால் ஒப்பந்ததாரரிடம் ஒரு கடிதம், மருத்துவமனை அல்லது ஹோட்டல் நிர்வாகத்திடம் இன்னொரு கடிதம். இரண்டும் வேண்டும்.

தர மறுத்தால்? பொறுப்பை ஒப்படைத்ததைக் குறிப்பிட்டு, நன்றி சொல்லி உங்கள் மேலதிகாரிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். "மூன்றாவது மாடிப் பொறுப்பை இன்று முதல் ஏற்கிறேன்" என்று நாலு வரி போதும். அவர் 'சரி' என்று பதில் போட்டால் அதுவே தேதியிட்ட ஆதாரம். சம்பளச் சீட்டுகளைச் சேர்த்து வையுங்கள். ஆனால் நோயாளிகள், விருந்தினர்கள் பெயர் உள்ள பதிவேடுகளைப் படமெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். அது உங்கள் ஆதாரம் அல்ல, அவர்கள் அந்தரங்கம்.

துடைப்பதை மட்டும் படித்துவிட்டுத் தேர்வுக்குப் போவது

மேலாளர் தேர்வில் கறை நீக்குவது கொஞ்சம்தான். ஆட்கணக்கும் பணக்கணக்கும்தான் அதிகம். இருபது வருட அனுபவசாலிகள் விழுகிற இடம் இது.

ஒரு எடுத்துக்காட்டு. ஒரு அறைக்கு 27 நிமிடம் என்றால் ஒரு ஷிஃப்டில் எத்தனை அறை? எட்டு மணி நேரம் 480 நிமிடம், 27-ஆல் வகுத்தால் 17 என்று உடனே எழுதிவிடுவார்கள். காலை பிரீஃபிங் 20 நிமிடம், சாப்பாடு 30, தேநீர் 20, டிராலி அடுக்கி ஒப்படைக்க 30. மீதி 380. அறைகள் 14. பதினேழு என்று ரோஸ்டர் போடுகிற மேலாளரிடம் வேலை செய்யும் பெண், மூன்று அறைகளின் குளியலறையைச் சரியாகத் தேய்க்காமல் வெளியே வருவாள். திட்டு அவளுக்கு விழும்.

லினனும் அப்படியே. 100 அறை, அறைக்கு ஒரு கட்டில், கட்டிலுக்கு இரண்டு விரிப்பு என்றால் ஒரு 'பார்', அதாவது எல்லாக் கட்டிலுக்கும் ஒருமுறை விரிக்கத் தேவையான அளவு, 200 விரிப்பு. ஒன்று கட்டிலில், ஒன்று சலவையில், ஒன்று அலமாரியில் என்று வைத்தாலே 600 வேண்டும். கிழிசலும் காணாமல் போவதும் தனி. இதைக் கையால் போட்டுப் பழகுங்கள்.

ஒருமுறை படித்ததே போதும் என்று இருப்பது

சென்ற வருடம் ஒரு மருத்துவமனையில் பயிற்சி கொடுக்கப் போயிருந்தேன். கழுவுமிடத்துக்குள் நுழைந்ததும் கண் எரிந்தது. புதிதாகச் சேர்ந்த சூப்பர்வைசர், கிருமி நீக்கப் பயன்படும் ஹைப்போகுளோரைட் என்ற குளோரின் கரைசலைக் கேனிலிருந்து அப்படியே வாளியில் ஊற்றி வைத்திருந்தார். கேட்டதும் தன் பழைய நோட்டை விரித்துக் காட்டினார். '10 சதவீதம்' என்று கொட்டை எழுத்தில் அடிக்கோடிட்டு எழுதியிருந்தது. அவர் பொய் எழுதவில்லை. 2016-ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு விதிகளில் கழிவைக் கிருமி நீக்கக் குறைந்தது 10 சதவீதம் என்றுதான் இருந்தது. 2018-இல் அது 1 முதல் 2 சதவீதம் என்று திருத்தப்பட்டது. அவர் படித்தது திருத்தத்துக்கு முன். நோட்டு அங்கேயே நின்றுவிட்டது. அதிலும் கழிவுக்கு எழுதிய அளவைத் தரை துடைக்க எடுத்திருந்தார்.

கேனில் 5 சதவீதம் என்று போட்டிருந்தால், ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர் சேர்த்தால் 1 சதவீதம் வரும். அதுவும் கேன் புதிதாக, நிழலில் இருந்தால். மொட்டை மாடி வெயிலில் ஒரு மாதம் கிடந்த கேன் லேபிளில் உள்ள பலத்தோடு இருக்காது. அதே வாளியில் கழிப்பறை கழுவும் ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். இதைத் தெரிந்த மேலாளர், தெரியாத பணியாளரைக் கழுவுமிடத்துக்கு அனுப்பக் கூடாது.

1998 கழிவு விதிகளில் இருந்த கறுப்புப் பையை இன்னும் சொல்லிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். இப்போது மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம். கழிவைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் சேரும்போது ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறையாவது பயிற்சி தர வேண்டும் என்று அதே 2016 விதிகள் சொல்கின்றன. தணிக்கைக்கு முந்தின இரவில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி அந்தப் பயிற்சியை 'முடிப்பவர்களை' எனக்குத் தெரியும். ஊசி குத்துவது கையெழுத்துப் போட்ட அந்தக் கையில்தான்.

ஆங்கிலத்துக்குப் பயந்து ஒதுங்குவது

எந்த மொழியில் தேர்வு என்று முதலில் கேளுங்கள். பயப்படுவது பிறகு.

புதுப்பிக்கும் தேதியை மறப்பது

சில சான்றிதழ்களுக்கு ஆயுள் உண்டு. கிடைத்த அன்றே காலண்டரில் குறியுங்கள்.

பயிற்சிக் குறிப்பேடு வைக்காதது

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, தலைப்பு, எத்தனை மணி நேரம், நடத்தியவர், கையெழுத்து. நீங்கள் கற்றது முன்பக்கத்திலிருந்து, நீங்கள் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது பின்பக்கத்திலிருந்து. இரண்டாவதைத்தான் நேர்காணலில் புரட்டிப் பார்ப்பார்கள்.

ஈரோட்டுப் பெண் சென்ற வாரம் மருத்துவமனை நிர்வாகத்திடம் கடிதம் வாங்கி அதன் படத்தை அனுப்பினார். சூப்பர்வைசர் என்று இருந்தது, தேதி இருந்தது, முத்திரை இருந்தது. எத்தனை பேருக்குப் பொறுப்பு என்பது இல்லை. இன்னொரு முறை போய்க் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.